வெங்காயத்தின் வெளி அடுக்கு

சித்திக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. கும்பகோணத்தில் ஒரு மாசி மாதக் காலையில் மாடிப்படி ஏறும்போது மூச்சு இரைத்தது, முதுகெல்லாம் வேர்த்தது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. வாயுத் தொல்லை என்று எண்ணி மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு நாள் வீட்டு வேலை அத்தனையும் பார்த்தார். மூன்றாம் நாள் கால் வீங்கியது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த மருத்துவர், மாரடைப்பு ஒன்று வந்துபோயிருக்கிறது என்றார். பதினாறு வருடச் சர்க்கரை நோய், இதயத்திலிருந்து வலியைச் சொல்லும் நரம்புகளை மழுங்கடித்துவிட்டிருந்தது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு பார்க்கப் போனேன். மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கண்ணாடிப் புட்டி. உள்ளே ஆரஞ்சு நிற ஜெல் மாத்திரைகள். தாவரங்களிலிருந்து எடுத்த ஆன்டி-ஆக்சிடன்ட், இதயத்துக்குக் காவல் என்று மேலே அச்சிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ வாங்கிக் கொடுத்தாராம். நான் உயிர்வேதியியல் படித்தவன் என்பதால் சித்தி என்னிடம்தான் கேட்டார்: "ஏம்ப்பா, இதைப் போட்டுக்கிட்டா டாக்டர் குடுத்த கொழுப்பு மாத்திரையை நிறுத்திடலாமா?"

நிறுத்தக் கூடாது என்பதை உடனே சொல்லிவிட்டேன். ஏன் கூடாது, அந்தப் புட்டியின் மேல் இருந்த வாசகத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆசை என்பதை அன்று சொல்ல முடியவில்லை. இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன்.

*

சர்க்கரை நோய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆறாத புண், கண், சிறுநீரகம். ஆனால் சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலானோரின் உயிரைக் குடிப்பது இதயமும் ரத்தக் குழாய்களும்தான். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு இதை முதலில் எண்ணிக்கையோடு காட்டியது. சர்க்கரை நோய் இருந்தால் இதய நோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும் என்று 1979இல் அந்தக் குழு எழுதியது. 1998இல் ஃபின்லாந்திலிருந்து இன்னும் கலங்கவைக்கும் ஒரு கணக்கு வந்தது. இதுவரை மாரடைப்பே வராத சர்க்கரை நோயாளிகளில் ஏழு வருடத்துக்குள் மாரடைப்பு கண்டவர்கள் நூற்றுக்கு 20 பேர். சர்க்கரை நோய் இல்லாமல், ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்தவர்களில் மறுபடி வந்தது நூற்றுக்கு 19 பேருக்கு. சர்க்கரை நோய் என்பதே ஒரு மாரடைப்பு வந்ததற்குச் சமம் என்று அதைப் படித்தவர்கள் சொன்னார்கள். எல்லா வயதினருக்கும், நோய் புதிதாக வந்தவர்களுக்கும் இது அப்படியே பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தின. ஆனாலும் சித்தியைப் போல நீண்ட காலம் சர்க்கரையோடு வாழ்பவர்களுக்கு அந்த எச்சரிக்கை இன்றும் நிற்கிறது.

நம் நாட்டில் இந்தக் கணக்கு சிறியதில்லை. சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில்.

*

சர்க்கரை எப்படி இதயத்தைக் கெடுக்கிறது? இதைப் புரிந்துகொள்ள ரத்தக் குழாயின் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு குழாயின் உள்சுவரிலும் ஒரே ஓர் உயிரணுத் தடிமனில் ஒரு பூச்சு இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். சுவருக்கு அடித்த சுண்ணாம்பு போல அது சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஓயாமல் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. சில நொடிகளே வாழும் இந்த வாயு குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது; ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் தடுக்கிறது. இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

தசையின் உயிரணு, இன்சுலின் வந்து சொன்னால்தான் சர்க்கரைக்குக் கதவை அகலத் திறக்கும். எண்டோதீலிய உயிரணுவுக்கு அந்தக் காவல் இல்லை. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஏறுகிறதோ, அதன் உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறிவிடும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத உயிரணு அது. உள்ளே வந்த சர்க்கரையை எரித்தாக வேண்டும். எரிக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அளவுக்கு மீறி விறகு திணித்த அடுப்பில் புகை கிளம்புவது போல, அளவுக்கு மீறிச் சர்க்கரை எரியும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எலக்ட்ரான்கள் கசிந்து ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கின்றன. அப்படிப் பிறப்பதுதான் சூப்பராக்சைடு. ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு. ஃப்ரீ ராடிக்கல் என்று நாம் கேள்விப்படும் கூட்டத்தில் முக்கியமான ஒன்று.

சர்க்கரை நோயின் பல்வேறு சேதங்களுக்கும் இந்த ஒரே புகைதான் ஊற்று என்று நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் மைக்கேல் பிரவுன்லீ 2001இல் வாதிட்டார். அதற்கு முன் ஆய்வாளர்கள் நான்கு தனித்தனிச் சேதப் பாதைகளைக் கண்டிருந்தார்கள். சூப்பராக்சைடை அடக்கினால் நான்கும் அடங்குகின்றன என்பதை அவருடைய குழு காட்டியது. எல்லாக் கேள்விகளுக்கும் அதில் விடை கிடைத்துவிடவில்லை. ஆனாலும் இருட்டறையில் ஒரு சன்னல் திறந்தது போன்ற விளக்கம் அது.

சூப்பராக்சைடு செய்யும் முதல் கேடு நைட்ரிக் ஆக்சைடை விழுங்குவது. இரண்டும் சந்தித்த கணத்தில் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற கொடிய பொருளாகின்றன. குழாயைத் தளர்த்த வேண்டிய நல்ல வாயு போயிற்று. அதன் இடத்தில் புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் ஒன்று வந்தது. இதற்கிடையில் சர்க்கரை நேரடியாகவே புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறோமே ஹெச்.பி.ஏ.1சி. என்ற ரத்தப் பரிசோதனை, அது ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் அளவுதான். ஹீமோகுளோபினில் ஒட்டுவது குழாய்ச் சுவரின் கொலாஜனிலும் ஒட்டும், சுவர் விறைக்கும்.

அடுத்தது கொழுப்பு. ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் எல்.டி.எல். துகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போனால், ரத்தக் குழாய்ச் சுவரில் காவல் நிற்கும் வெள்ளணுக்கள் அதை அளவில்லாமல் விழுங்கி, கொழுப்பு நுரை நிரம்பிய மூட்டைகளாகி அங்கேயே தங்கிவிடும். அடைப்பின் தொடக்கம் அதுதான். டேனியல் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய சகாக்களும் 1989இல் இதை விரிவாக எழுதியபோது, மருத்துவ உலகில் ஒரு நம்பிக்கை பிறந்தது. ஆக்சிஜனேற்றம்தான் வில்லன் என்றால், அதைத் தடுக்கும் வைட்டமின் இ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் இவற்றை மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் போதுமே!

*

அறிவியலில் இவ்வளவு நியாயமாகத் தோன்றிய யோசனைகள் குறைவு. நானும் மாணவனாக இருந்தபோது அதை முழுக்க நம்பினேன். நம்பிக்கையைச் சோதிக்கப் பெரிய பெரிய ஆய்வுகள் நடந்தன. அவற்றின் முடிவுகளை வரிசையாகப் படிப்பது இன்றும் எனக்கு வருத்தம் தரும் அனுபவம்.

முதல் அடி ஃபின்லாந்தில் விழுந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994இல் முடிந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அது 18 சதவீதம் கூடியிருந்தது.

இதயத்துக்கான தீர்ப்பு 2000இல் வந்தது. ஹோப் என்ற அந்த ஆய்வில் 9,541 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சர்க்கரை நோயாளிகள். பாதிப் பேருக்குத் தினம் 400 அலகு வைட்டமின் இ, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. நாலரை வருடம் கழித்து எண்ணியபோது மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் இவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் வைட்டமின் குழுவில் 16.2 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 15.5 சதவீதம். எந்தப் பலனும் இல்லை. அதே மக்களை இன்னும் சில வருடம் தொடர்ந்தபோது வைட்டமின் இ உண்டவர்களிடம் இதயச் செயலிழப்பு சற்றே கூடியிருந்ததும் தெரிந்தது.

மாத்திரை உடம்பில் சேர்ந்திருக்காது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 2002இல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் 20,536 பேருக்கு வைட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் வைட்டமின் இ இரண்டு மடங்கானது, பீட்டா கரோட்டின் நான்கு மடங்கானது. மாரடைப்பு மட்டும் குறையவில்லை. அந்த ஆய்வில் இன்னொரு பாதி உண்டு. அதே மக்களிடம், அதே ஐந்து வருடத்தில், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் என்ற மாத்திரையும் சோதிக்கப்பட்டது. அதில் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தன. பங்கேற்ற 5,963 சர்க்கரை நோயாளிகளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பலன். சித்தி நிறுத்தலாமா என்று கேட்ட மாத்திரை இந்த ஸ்டாட்டின் வகைதான். அவர் அதற்குப் பதிலாக வைக்க நினைத்தது, அதே ஆய்வில் பலன் தராத பொருளின் உறவு.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே ஒரு விதிவிலக்கும் உண்டு. ஹாப்டோகுளோபின் என்ற ரத்தப் புரதம் மனிதர்களில் மூன்று வகைகளில் அமைகிறது. அதில் 2-2 என்ற வகை உள்ள சர்க்கரை நோயாளிகள் 1,434 பேருக்கு இஸ்ரேலில் வைட்டமின் இ கொடுத்தபோது இதயச் சம்பவங்கள் 4.7 சதவீதத்திலிருந்து 2.2 ஆகக் குறைந்தன. 2008இல் வந்த முடிவு இது. எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்ற எண்ணமே தவறாக இருந்திருக்கலாம் என்று அது யோசிக்கவைக்கிறது. ஆனால் ஒரு நாட்டின் ஒரு சிறிய ஆய்வை வைத்துக்கொண்டு கடையில் புட்டி வாங்கிவிட முடியாது.

*

மாத்திரை ஏன் தோற்றது? எனக்கு மிகவும் பிடித்த விடை ஒரு வேகக் கணக்கு.

நைட்ரிக் ஆக்சைடும் சூப்பராக்சைடும் சேரும் வேகம், வேதியியலில் இரண்டு மூலக்கூறுகள் சேரக்கூடிய உச்ச வேகத்தை நெருங்குகிறது. முட்டினால் முடிந்தது. வைட்டமின் சி சூப்பராக்சைடைப் பிடிக்கும் வேகமோ அதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. அதாவது, திருடனும் நகையும் ஒரே அறையில் இருக்கிறார்கள். காவலர் அடுத்த ஊரிலிருந்து நடந்து வருகிறார். காவலர்களின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினாலும் நகை மிஞ்சாது. இந்த வேகத்தில் சூப்பராக்சைடோடு மல்லுக்கட்ட உடம்பே ஒரு நொதியை வைத்திருக்கிறது. 1969இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்த சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் அது. வெளியிலிருந்து விழுங்கும் எந்த வைட்டமினும் அதன் வேகத்தை எட்டாது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஃப்ரீ ராடிக்கல் என்றாலே விஷம் என்று நாம் பழகிவிட்டோம். சிறிய அளவில் அது உடம்பின் தகவல் மொழி. 2009இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவின் குழு நாற்பது இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்தது. பாதிப் பேருக்குத் தினம் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் இயும். பயிற்சி செய்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் என்பது தெரிந்த விஷயம். மாத்திரை எடுக்காதவர்களுக்கு அப்படியே நடந்தது. எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. ஓடும்போது தசையில் கிளம்பும் சிறு புகைதான் "காவலைப் பலப்படுத்து" என்று உயிரணுவுக்குச் சொல்லும் செய்தி. மாத்திரை அந்தச் செய்தியை வழியிலேயே அழித்துவிட்டது. தினமும் காலையில் நடந்துவிட்டு வந்து இந்த மாத்திரையை விழுங்கும் சர்க்கரை நோயாளிகளை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் சர்க்கரை நோயுள்ள 1,923 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று, வைட்டமின் சி மாத்திரையை நிறைய எடுத்தவர்களிடம் இதய நோய் மரணம் கூடியிருந்ததாக 2004இல் எழுதியது. உணவிலிருந்து கிடைத்த வைட்டமின் சியிடம் அந்தத் தொடர்பு இல்லை.

*

உணவிலிருந்து. இந்தச் சொல்லில்தான் கதை திரும்புகிறது.

மாத்திரைகள் தோற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், தட்டைக் கவனித்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். நெதர்லாந்தின் சுட்ஃபென் நகரில் 65 வயதுக்கு மேற்பட்ட 805 ஆண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து, ஃப்ளேவனாய்டு என்ற தாவரப் பொருள்களைக் கணக்கிட்டார்கள். அதிகம் உண்டவர்கள் இதய நோயால் குறைவாக இறந்தார்கள் என்று 1993இல் தெரிந்தது. அவர்களுக்கு ஃப்ளேவனாய்டு வந்த வழிகள் முக்கியமாக மூன்று: டீ, வெங்காயம், ஆப்பிள். இதில் எதற்கும் மருந்துக்கடைக்குப் போக வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளிடமே நேரடியாகச் செய்த ஆய்வுகளும் இருக்கின்றன. ஐரோப்பாவில் 10,449 சர்க்கரை நோயாளிகளைப் பின்தொடர்ந்ததில், காய்கறி, பருப்பு வகை, பழம் நிறைய உண்டவர்கள் இதய நோயால் இறப்பது குறைந்திருந்தது. சீனாவில் ஐந்து லட்சம் பேரைப் பார்த்த ஆய்வு 2017இல் சொன்னது நம் ஊருக்கு மிகவும் தேவையான சேதி. சர்க்கரை நோயாளிகளில் வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் முழுப்பழம் உண்டவர்கள், வாரத்துக்கு ஒரு நாளுக்கும் குறைவாக உண்டவர்களைவிட இறப்பு விகிதத்தில் 17 சதவீதம் குறைவாக இருந்தார்கள். ரத்தக் குழாய்ச் சிக்கல்களும் அவர்களுக்குக் குறைவு. சர்க்கரை என்று தெரிந்த மறுநாளே பழத்தை வீட்டுக்குள் விடாதவர்களை எத்தனை பேரைப் பார்க்கிறோம்!

ஒரு தடங்கலைச் சொல்லியாக வேண்டும். காய்கறி நிறைய உண்பவர் நடைப்பயிற்சியும் செய்வார், சிகரெட்டும் குறைவாகப் பிடிப்பார். பலன் எதனால் என்று பிரித்துச் சொல்வது எளிதில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டது போல ஆட்களைப் பிரித்து உணவைக் கொடுத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை உறுதிப்படும். ஸ்பெயினில் 7,447 பேரிடம் அப்படியொன்று நடந்தது. பிரெடிமெட் என்று பெயர். பங்கேற்றவர்களில் பாதிக்கு அருகில் சர்க்கரை நோயாளிகள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு லிட்டர் முதல்தர ஆலிவ் எண்ணெய், இன்னொரு குழுவுக்குத் தினம் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட். கூடவே காய்கறியும் பருப்பும் மீனும். இரண்டு குழுவிலும் மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்த கணக்கு சுமார் 30 சதவீதம் குறைந்தது. 2013இல் வந்த அந்தக் கட்டுரையில் ஆட்களைப் பிரித்த முறையில் குறை கண்டு, ஆசிரியர்களே அதைத் திரும்பப் பெற்று, கணக்கைச் சரிசெய்து 2018இல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு ஏறத்தாழ அதேதான்.

ஆலிவும் ஹேசல்நட்டும் நமக்கு அந்நியம். சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான குழு நம் பண்ருட்டிப் பக்கத்துப் பொருளை எடுத்துக்கொண்டது. சர்க்கரை நோயாளிகள் 300 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரம் தினமும் 30 கிராம் முந்திரிப் பருப்பு. முந்திரி கொழுப்பு, தொடாதே என்று கேட்டுக் கேட்டுப் பழகிய ஊரில் செய்த சோதனை. எடையும் கூடவில்லை, சர்க்கரையும் ஏறவில்லை. மேல் ரத்த அழுத்தம் இறங்கியது, நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். ஏறியது. பொரித்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய முந்திரியை அவர்கள் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

*

தாவரம் அப்படி என்ன செய்கிறது?

ஃப்ரீ ராடிக்கலை நேராகப் பிடித்துத் தின்கிறது என்ற பழைய பதில் நிற்காது. வெங்காயத்தின் குவெர்செடினோ டீயின் கேட்டிச்சினோ எவ்வளவு உண்டாலும் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் வைட்டமின் சி, யூரிக் அமிலம் இவற்றுக்குப் பக்கத்தில் அது துளி. சோதனைக் குழாயில் எந்தப் பழத்துக்கு எவ்வளவு ஆன்டி-ஆக்சிடன்ட் பலம் என்று அளந்து ஓர் அட்டவணையை அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்டிருந்தது. புட்டிகளின் மேல் அந்த எண்களை அச்சிட்டு விற்றார்கள். அந்த எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பில்லை என்று கூறி அந்தத் துறையே 2012இல் அட்டவணையை எடுத்துவிட்டது.

இன்றைய பதில் வேறு. தாவரம் ஓடி ஒளிய முடியாத உயிர். பூச்சிக்கும் வெயிலுக்கும் பூஞ்சைக்கும் எதிராக அது கசப்பையும் துவர்ப்பையும் நிறத்தையும் தயாரித்து வைத்துக்கொள்கிறது. நம் உயிரணு அந்தப் பொருள்களை லேசான அபாயமாக உணர்ந்து, என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தைத் தன் உட்கருவுக்குள் அனுப்புகிறது. அது போய் உடம்பின் சொந்தக் காவல் நொதிகள் பலவற்றின் மரபணுக்களை ஒரே நேரத்தில் முடுக்கிவிடுகிறது. விழுங்கிய பொருள் தானே காவலர் ஆவதில்லை. தூங்கும் காவலர்களைத் தட்டி எழுப்புகிறது. ரிஸ்டோவின் இளைஞர்களிடம் உடற்பயிற்சி செய்த வேலையும் இதே வகைதான். பாகற்காயின் கசப்பையும் நெல்லியின் துவர்ப்பையும் தட்டிலிருந்து ஒதுக்கும்போது எதை ஒதுக்குகிறோம் என்று யோசிக்கவைக்கும் செய்தி.

இன்னொரு வழி குடல். நாம் உண்ணும் பாலிஃபீனால் என்ற தாவரப் பொருள்களில் பெரும்பங்கு சிறுகுடலில் சேராமல் பெருங்குடல் வரை போய், அங்குள்ள நுண்ணுயிர்களிடம் மாட்டுகிறது. மாதுளையின் துவர்ப்புப் பொருளை யூரோலித்தின் என்ற சிறு மூலக்கூறாக அவை வெட்டித் தருகின்றன. நாம் செய்ய முடியாத சமையலை அவை செய்கின்றன. எல்லோர் குடலிலும் அந்தச் சமையல்காரர்கள் இருப்பதில்லை. ஒரே மாதுளை இருவருக்கு இரு வேறு பலன் தருவதற்கு இது ஒரு காரணம்.

கீரையின் வழி இன்னும் நேரடியானது. முளைக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட் இவற்றில் நைட்ரேட் நிறைய. உண்ட பிறகு அது ரத்தத்தில் கலந்து, உமிழ்நீரில் திரும்பி வந்து, நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாவால் நைட்ரைட்டாகி, உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகிறது. சர்க்கரை விழுங்கிவிட்ட அதே வாயு, பின்வாசல் வழியாகத் திரும்புகிறது. கிருமிநாசினியால் அடிக்கடி வாய் கொப்பளித்தால் இந்த வழி அடைபடுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஓர் எளிய உண்மை. கீரையும் காயும் தட்டில் இடம்பிடித்தால் சோறு குறையும். நார்ச்சத்து சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் மைட்டோகாண்ட்ரியாவில் திணியும் விறகும் குறையும். புகையைப் பிடிக்க ஆள் தேடுவதைவிட அடுப்பைத் தணிப்பது மேல். மாத்திரைப் புட்டியால் ஒருநாளும் செய்ய முடியாத வேலை இது.

*

வெங்காயத்துக்கு வருகிறேன். குவெர்செடின் அதில் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. வெளிச் சருகுக்கு அடுத்த சதை அடுக்குகளில் மிகுதி. உள்ளே போகப் போகக் குறைவு. கண்ணெரிச்சலுக்குப் பயந்து இரண்டு அடுக்கைச் சேர்த்து உரித்தெறிந்தால் குப்பைக்குப் போவதுதான் நல்ல பங்கு. வேகவைத்தால் அது பெரும்பாலும் அழிவதில்லை, தண்ணீரில் இறங்குகிறது. சின்ன வெங்காயச் சாம்பாரில் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தானே உண்கிறோம். குவெர்செடினைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் சேர்வதைவிட, வெங்காயத்தில் இருக்கும் வடிவத்தில் உடம்பில் நன்றாகச் சேர்கிறது என்று நெதர்லாந்தில் 1995இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

தக்காளியின் லைக்கோபீன் நேர் எதிர்: எண்ணெயில் வதங்கினால்தான் நன்றாகச் சேரும். கீரை, கேரட்டுக்கும் ஒரு கரண்டி எண்ணெய் வேண்டும். மஞ்சளின் குர்குமின் தனியாகக் கிட்டத்தட்டச் சேர்வதே இல்லை. மிளகின் பைப்பரினோடு கொடுத்தால் ரத்தத்தில் இருபது மடங்கு கூடுகிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் கண்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் அடர்த்தியாக அடைத்து மாத்திரை விற்கிறார்கள். அந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்தவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் வேறு, அடைத்து விற்பது வேறு.

கருப்புக் கவுனி அரிசியைப் பற்றி என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. அதன் தவிட்டில் ஆந்தோசயனின் இருப்பது உண்மை. நாவல்பழத்தைக் கருநீலமாக்கும் அதே சாயம். உள்ளே இருப்பது மாவுச்சத்து என்பதும் உண்மை. செட்டிநாட்டு வீடுகளில் அது சர்க்கரையும் தேங்காயும் போட்ட இனிப்பு. நிறத்தைப் பார்த்து ஏமாந்து இரண்டு தட்டு உண்டால் ரத்தச் சர்க்கரைக்கு நிறம் தெரியாது. தேன்நெல்லியும் அப்படித்தான். நெல்லியைக் காயாகக் கடித்துத் தின்பதும், உப்பு அளவாகப் போட்டுத் துவையல் அரைப்பதும் நல்லது.

யாருக்கு எது ஆகாது என்பதையும் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் கீரையிலும் பழத்திலும் உள்ள பொட்டாசியமே ஆபத்தாகலாம். அவர்கள் அளவை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தோடு மோதும். பழத்தைச் சாறாக்கினால் நார் போய்விடும், சர்க்கரை மட்டும் வேகமாக இறங்கும்.

*

சித்தியிடம் இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லவில்லை. ஸ்டாட்டின் மாத்திரை தொடர்கிறது, இன்சுலினும் தொடர்கிறது. ஆரஞ்சுப் புட்டி முடிந்ததும் வேறு வாங்கவில்லை. மத்தியானம் முதலில் கீரையும் பொரியலும், அப்புறம் சோறு என்று வரிசையை மாற்றிக்கொண்டார். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சருகை மட்டும் உரிக்கிறார். நேரம் ஆகிறது என்று சித்தப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டேதான் உரிக்கிறார்.

போன வைகாசியில் கூடையில் பங்கனப்பள்ளி வந்து இறங்கியிருந்தது. வீடு முழுக்க வாசனை. எட்டு வருடமாகத் தான் மாம்பழத்தைத் தொடவில்லை என்றார். நான் சீனத்து ஆய்வைச் சொன்னேன்.

"அப்ப சாப்பிடலாமா?"

"ஒரு கீற்று சாப்பிடுங்க சித்தி. சோறு சாப்பிட்டதுக்கு மேல வேண்டாம். நாலு மணிக்கு டீயோட ரெண்டு பிஸ்கட் எடுப்பீங்களே, அதுக்குப் பதிலா. ஜூஸ் போடக் கூடாது. ரெண்டு மணி நேரம் கழிச்சு மெஷின்ல சர்க்கரையைப் பாருங்க, எவ்வளவு ஏறுதுன்னு உங்களுக்கே தெரியும்."

நாலு மணிக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் கீற்றைச் சீவி, தோலோடு இருந்த சதையைப் பல்லால் சுரண்டிச் சாப்பிட்டார். ஆறு மணிக்கு விரலில் குத்தி எண்ணைப் பார்த்து, காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதிவைத்தார்.